பாப்பாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடாவுக்கு வாரம் பிறப்பது திங்கட்கிழமை காலை, சபாநாயகரின் அறையில். நீள மேசையைச் சுற்றி எல்லாக் கட்சிக்காரர்களும் உட்கார்ந்து, அந்த வாரம் நாடாளுமன்றம் எந்த நாளில் எதைப் பேசுவது என்று கூடி முடிவு செய்வார்கள். கூடி முடிவு செய்வது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மீன் சந்தை தோற்றுவிடும்.

"விலைவாசிக்கு ஒரு முழு நாள் குடுங்க. வரி மசோதா அன்னிக்கு எங்க ஆளுங்க வாயைத் திறக்க மாட்டாங்க" என்பார் எதிர்க்கட்சித் தலைவர்.

"உங்க ஆளுங்க வாயைத் திறக்கலேன்னா சபைக்கே காய்ச்சல் வந்துடும். அரை நாள் எடுத்துக்குங்க" என்பார் கொறடா.

எல்லாருடைய நேரத்தையும் இப்படி வெட்டி வெட்டி வாரத்துக்குள் அடக்குவதால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவருடைய ஒரே தங்கை எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி. "சோத்துத் தட்டுக்கு முன்னாடி கட்சி பேசினா ரெண்டு பேர் தட்டையும் பிடுங்கிடுவேன்" என்று அவர்களுடைய அம்மா சொல்லிவைத்திருந்ததால் வீட்டில் சண்டை வந்ததில்லை. வெளியில் எல்லாருக்கும் அவள் படகம்மா. வீட்டில் பாப்பா.

படகம்மா என்ற பெயருக்குக் காரணம் உண்டு. இவர்களுக்குக் கீழே ஒரு தம்பி இருந்தான். சின்னவன். கல்லூரிக்கு ஆற்றைக் கடந்து போகவேண்டும். ஒருநாள் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. கரையேறியவர்களில் அவன் இல்லை. துறை வரைக்கும் கூடப் போய், இடம் இல்லை என்ற படகுக்காரனிடம் கெஞ்சி அவனை ஏற்றிவிட்டு வந்தவள் பாப்பா. உறுப்பினரானதும் அவள் கொண்டுவந்த முதல் மசோதா அதுதான்: ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை இருக்கவேண்டும்; அதற்கு மேல் ஒரு ஆள் ஏறினாலும் படகு கரையை விட்டு நகரக்கூடாது.

அரசு கொண்டுவராத மசோதாக்களுக்கு அந்த நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான். பாப்பாவின் மசோதா மூன்று முறை நிகழ்ச்சி நிரலில் ஏறி, மூன்று முறை இறங்கியது. ஒருமுறை வெள்ள நிவாரணம், ஒருமுறை பட்ஜெட். மூன்றாவது முறை கொறடாவின் கட்சியே கொண்டுவந்த துறைமுக மசோதா குறுக்கே வந்தது. வெட்டியது கத்தரிக்கோல்தான். ஒவ்வொரு முறையும் தாழ்வாரத்தில் பார்க்கும்போது, "பரவாயில்லண்ணா, உன் வேலை அப்படி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேர்தல் நெருங்கியது. அடுத்த வாரத்தோடு சபை கலையப்போகிறது என்று உறுதியானது. கலைந்தால் நிறைவேறாத மசோதா எதுவும் மிஞ்சாது. பாக்கி இருந்தது ஒரே வாரம், ஒரே வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் மகள் போன் செய்தாள்.

"மாமா, அம்மா உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க. பழைய நோய் திரும்பி வந்துடுச்சு. டாக்டர் கையை விரிச்சுட்டார்."

மருத்துவமனைக்கு ஓடினார். கட்டிலில் பாப்பா பாதியாக இருந்தாள்.

"ஏன்டீ சொல்லல?"

"சொன்னா பாவம் பார்த்து நேரம் குடுப்பே. எனக்கு அது வேண்டாம்னு இருந்தேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப பாவம் பார்த்தாவது குடுண்ணா" என்றாள்.

மறுநாள் சபாநாயகரின் அறையில் கத்தரிக்கோலை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. விலைவாசிக்கு முழு நாள் கொடுத்தார். வரி மசோதாவைச் செவ்வாய்க்கே இழுத்துக்கொண்டார். போனமுறை பேசி முடியாததால் இந்த வெள்ளி மதியத்துக்கும் குறித்து வைத்திருந்த துறைமுக மசோதாவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் படகு மசோதாவை எழுதச் சொன்னார். தங்கை வரமுடியாவிட்டால், அவளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்த அவள் கட்சி உறுப்பினரான வக்கீல் ஒருவர் அதை முன்மொழியலாம் என்று சபாநாயகரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வெளியே வந்ததும் துறைமுக அமைச்சர் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, கட்சி மாறிட்டியா?"

"என் தங்கச்சி சாகக் கிடக்கா. என்ன வேணும்னாலும் சொல்லிக்குங்க, ஓட்டு மட்டும் போட்டுடுங்க."

அமைச்சர் அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். வியாழக்கிழமைக்குள் கொறடா தன் கட்சியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்து ஓட்டுக் கேட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மாலை மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னபோது பாப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "முதல் விஷயமா வருதா?"

"ஆமா. மதியம் கூடினதும் அதுதான்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துட்டா?"

"வாயை மூடு."

"இல்லண்ணா, யோசிச்சுப் பாரு. உறுப்பினர் செத்தா என்ன செய்வீங்க? இரங்கல் தீர்மானம் படிச்சு, எழுந்து நின்னு, அன்னிக்கு சபையை ஒத்திவெச்சுட்டுப் போயிடுவீங்க. எனக்கு மரியாதை செய்யறேன்னு என் மசோதாவைக் கொன்னுடுவீங்க." அவர் கையைத் தேடிப் பிடித்தாள். "சொல்லாதே. முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லாதே."

அவர் தலையை ஆட்டினார். அப்படி எதுவும் நடக்காது என்ற தைரியத்தில்தான் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்தபோது பாப்பா இறந்துபோனாள். சத்தமே இல்லை. அறையில் மகளும் அவரும் மட்டும் இருந்தார்கள். மகள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிளம்புங்க மாமா. நான் பார்த்துக்கறேன். டாக்டர்கிட்டயும் நானே பேசிக்கறேன்."

"உன்னை எப்படித் தனியா…"

"நீங்க இல்லாம உங்க ஆளுங்க ஓட்டுப் போட வரலேன்னா? போங்க மாமா."

அவர் போனார். காரில் ஏறும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பெரியவனே, பாப்பா எப்படி இருக்கா? இன்னிக்கு அவளைப் பார்க்க வரட்டுமா?"

"தூங்கறாம்மா. சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப சரி. ராத்திரியெல்லாம் மனசே சரியில்ல. நீ சொன்னதும்தான் பசிக்குது" என்றாள் அம்மா.

அன்று சபை நிரம்பியிருந்தது. கொறடா வழக்கம்போல் வரிசை வரிசையாகப் போய்த் தன் ஆட்களை எண்ணினார். டீ குடிக்கப் போனவர்களை இழுத்துவந்தார். "கத்தரிக்கோல் இன்னிக்கு ரொம்பக் கூர்மை" என்று யாரோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எப்படிச் சிரிக்க முடிந்தது என்பது பிறகும் அவருக்குப் புரியவில்லை.

வக்கீல் எழுந்து மசோதாவை முன்மொழிந்தார். பேசி முடிக்கும்போது, "இதைக் கொண்டுவந்தவர் மருத்துவமனையில் இருந்தபடி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் விரைவில் குணமாகி வர இந்த அவை வாழ்த்தவேண்டும்" என்றார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். துறைமுக அமைச்சர்கூடத் தட்டினார். நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கொறடாவும் தட்டினார். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினார், தட்டுவதை நிறுத்தினால் வேறு என்ன செய்துவிடுவோமோ என்று பயந்து.

எதிர்ப்பே இல்லாமல் மசோதா நிறைவேறியது. சபாநாயகர் அறிவித்ததும் கொறடா நேராக அவருடைய மேடைக்குப் போய்க் குனிந்து, காதோடு சொன்னார்.

சபாநாயகர் அவரையே பார்த்தார். "எப்ப?"

"காலையில."

"காலையிலயா? தெரிஞ்சுக்கிட்டேவா இங்க…" கோபமா துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை போலிருந்தது. பிறகு எழுந்து நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். செய்தியைச் சொன்னபோது, கொஞ்சம் முன்பு மேசையைத் தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வக்கீல் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். கொறடா மேடையிலிருந்து இறங்கி வாசலைப் பார்த்து நடந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

அவர் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் டிவியில் பார்த்துவிட்டிருந்தாள்.

சில பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன, சில சபையை ஏமாற்றியவர் என்று எழுதின. கட்சி அடுத்த தேர்தலில் அவரை நிறுத்தவில்லை. இதில் எதுவும் அவரைத் தொடவில்லை. படகுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்லப் போனார். பாப்பா போன நாளிலிருந்து அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. போகும்போதெல்லாம் சோறு போடுவாள், உள்ளே போய்விடுவாள்.

அன்று அவள் உள்ளே போகவில்லை. எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"நல்லது செஞ்சே. அவ கேட்டதைச் செஞ்சே. தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அன்னிக்கு நீ தூங்கறான்னதும் நான் நிம்மதியா உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்டா. அடுத்த வீட்டுக்காரி வந்தா, அவகிட்ட பேசிச் சிரிச்சேன். என் பொண்ணு அங்க செத்துக் கிடக்கா, நான் இங்க சிரிச்சுட்டிருக்கேன்."

"அம்மா…"

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் யார்கிட்டடா போய்ச் சொல்லியிருப்பேன்? அவ பக்கத்துல வந்து வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேனா?"

சோறு பிசைந்த கை தட்டிலேயே காய்ந்தது. அம்மா எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தட்டிலேயே ஊற்றி, அவர் கையைப் பிடித்துக் கழுவிவிட்டாள். அவர் அழுதார். அவள் அழவில்லை. கையைத் துடைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.