மனுவை உடுத்தியிருந்த அம்மாள்

எங்கள் ஊர் வானம் பதினாறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மற்றப் பகுதிகளிலிருந்து இடி விழுந்தால் மழை வரும். ஒன்பதாம் பகுதியிலிருந்து விழுந்தால் அது தபால்.

திங்கட்கிழமை காலை எங்கள் சமையலறையில் தபால் விழுந்தது. என் ஆயுள் புதன்கிழமையோடு முடிகிறது என்று எழுதியிருந்தது. சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்தது. வேறு சேதம் இல்லை.

என் மனைவி செண்பகவல்லி பின்பக்கத்தைப் படித்தாள். "பத்து வருஷம் தள்ளி வைக்கலாமாம். எட்ருஸ்கர் ஆபீஸ்ல மனு போடணுமாம். சட்டையை மாத்துங்க."

எட்ருஸ்கர்கள் ரோம் பெரிதாகும் முன்பே இத்தாலியில் செழித்திருந்தவர்கள். அவர்கள் முடிந்துபோய் இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. அலுவலகம் மட்டும் நடக்கிறது.

அது ஒரு மண்மேட்டுக்குள் இருந்தது. நாங்கள் நடக்க நடக்க நடைவழி நீண்டது. சுவரில் தீட்டப்பட்டிருந்த கணவன் மனைவியர் ஒரே கட்டிலில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுவரிலிருந்து கையை நீட்டி எனக்கு அவித்த முட்டை கொடுத்தார். நான் சைவம். அவர் வருத்தப்படவில்லை. மாதுளம்பழம் கொடுத்தார்.

குமாஸ்தாவின் பெயர் அவ்லே. காகிதங்கள் பறக்காமலிருக்க, அவர்கள் குறி பார்க்கும் வெண்கலக் கல்லீரல் ஒன்றை வைத்திருந்தார்.

"அம்மா பேரு?"

"அப்பா பேரு வந்து..."

"அது கிடக்கட்டும். அம்மா பேரு?"

"கோமதி."

எந்த அலுவலகமும் இதை முதலில் கேட்டதில்லை. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. நன்றி சொன்னேன்.

"நன்றிக்கு வேற கவுன்டர்," என்றார் அவ்லே. "மனு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்தம்மா உடுத்தியிருக்காங்க."

பெஞ்சில் ரம்தா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் இறந்தபோது வேறு துணி கிடைக்கவில்லையாம். துணியில் எழுதிய புத்தகம் ஒன்றைக் கிழித்து உடம்பில் சுற்றிவிட்டார்கள். மனு அதில்தான் இருந்தது. முழுவதையும் உரக்கப் படிக்க வேண்டும். எழுத்துகளைப் படித்துவிடலாம். பொருள்தான் யாருக்கும் சரியாகத் தெரியாது.

"பிரிச்சுக்கோங்க தம்பி," என்றார் ரம்தா. "குளிரும். பழகிக்கிடுவேன்."

நான் கை வைக்கவில்லை. இப்படி வாங்கிய பத்து வருஷத்தில் நான் எந்தச் சந்நிதியில் போய் நிற்பது?

"புதன்கிழமையே இருக்கட்டும்," என்றேன்.

"இவர் எப்பவும் இப்படித்தான் சார்," என்றாள் செண்பகவல்லி அவ்லேயிடம். "கல்யாண வீட்டுலயும் கடைசிப் பந்தியிலதான் உக்காருவார். பாயசம் இருக்காது."

பிறகு பையைத் திறந்தாள். உள்ளே புதுப்புடவை இருந்தது. கணவன் போனால் பிறந்த வீட்டார் எடுத்துவரும் கோடிப் புடவை. நான் சட்டை மாற்றும்போது என் மைத்துனன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். புதன்கிழமை பஸ்ஸில் கூட்டமாக இருக்குமாம்.

"இதைக் கட்டிக்கோங்கக்கா. எனக்குப் பிடிக்கலை. கலரைச் சொல்லலை."

நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். சுவரில் இருந்தவர்கள் கண்களை மூடிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் செண்பகவல்லி புடவையைச் சுற்றச் சுற்ற, பழைய துணி பிரிந்து என் தோள்வழியாக வந்தது. வலமிருந்து இடமாகப் படித்தேன். என்ன கேட்கிறேன் என்று தெரியவில்லை. சிறுவயதில் சொன்ன மந்திரங்களும் அப்படித்தான். கேட்டவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

சில இடங்களில் துணி கிழிந்து சொற்கள் இல்லை. அங்கெல்லாம் "செண்பகவல்லி" என்று படித்தேன்.

"இங்கதான் இருக்கேன்," என்றாள் அவள், ஒவ்வொரு முறையும்.

துணி தீர்ந்தது.

"தப்பில்லாமப் படிச்சீங்களா?" என்றார் அவ்லே.

"தெரியலீங்க."

"எங்களுக்கும் தெரியலை."

கல்லீரலை ஒருமுறை தடவிப் பார்த்தார். பத்து வருஷம் என்று முத்திரை குத்தினார். அவரை, ரம்தாவை, சுவரை, கூரையை, எல்லாவற்றையும் கும்பிட்டேன். ரம்தா எழுந்து நாலடி நடந்து பார்த்தார்.

"கொசுவம் நல்லா நிக்குது," என்றார்.

எனக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். அவர் தபாலில் இன்னும் புகை வந்தது. மனுத்துணியை வாங்கினார். ஒற்றை ஆளாகப் பிடித்ததில் துணி சுருண்டு எழுத்துகள் மறைந்தன.

நான் ஒரு முனையைப் பிடித்தேன். செண்பகவல்லி மறுமுனையைப் பிடித்தாள்.

"மெதுவாப் படிங்க அண்ணாச்சி," என்றாள். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

என் பத்து வருஷத்தின் முதல் மணி நேரம் அப்படிப் போனது. இரண்டாவதும் அப்படித்தான். வரிசை நீளமாக இருந்தது.