கதவுக்கு வெளியே நின்ற சத்தம்

நூலக மாடியில் கூட்டம். தலைப்பு, 'திகில் நாவலில் சொல்தேர்வு: ஓர் ஆழ்நோக்கு'. ஆழ்ந்து நோக்க வந்தவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்கு அடியில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாவலாசிரியரைத் தெருவில் 'பீதி' என்றுதான் சொல்வார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வழக்கமாக மேடை ஏறினால் இறங்க மனம் வராத மனிதர், இன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். காரணம், இரண்டாம் வரிசையில் அவர் அக்கா.

பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு அக்கா இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். மாடிப்படி ஆகாது. "தம்பிக்கு மரியாதை பண்றாங்களாம், நான் பாக்க வேணாமா?" என்று அவர் மனைவியின் தோளைப் பிடித்து ஏறி வந்துவிட்டாள். நாவலை அவளிடம் அவர் கொடுக்கவே இல்லை. எழுத்து ரொம்பப் பொடி, கண் வலிக்கும்க்கா என்று சாக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் யாரும் இன்று படித்துவிடக் கூடாது.

தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார், செருமினார், சரியாக அந்தப் பக்கத்தையே பிரித்தார்.

"'சரக். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி சரக். சுவரைத் தடவிக்கொண்டே ஓர் உள்ளங்கை நகர்ந்தது. கதவுக்கு வெளியே நின்றது. உள்ளே வரவில்லை.' கவனியுங்கள். 'நடந்து வரும் ஓசை' என்று எழுதியிருந்தால் நாம் கொட்டாவி விட்டிருப்போம். 'சரக்' என்கிறார். அடுத்த சரக் எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். 'தடவி' என்கிறார். நம் முதுகைத் தடவின மாதிரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த 'நின்றது'. உள்ளே வந்துவிட்டால் வெறும் பேய். நின்றால்தான் பயம்."

கைதட்டல். பீதி தரையைப் பார்த்தார். அடக்கம் என்று பக்கத்தில் யாரோ மெச்சினார்கள்.

முன்வரிசை வாசகி ஒருத்தி எழுந்தாள். "சார், அந்த 'நின்றது' உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

தினமும் பிற்பகலில் அக்கா டீ கொண்டுவருவாள். ஒரு கையில் டம்ளர், மறு கை சுவரில். எழுதுகிறவனைக் கலைக்கக் கூடாதென்று கதவுக்கு வெளியே நிற்பாள். டீ ஆறிப்போனால் திரும்பிப் போய்ச் சூடு பண்ணி வந்து மறுபடி நிற்பாள். அப்படித்தான் கிடைத்தது.

"ஆழ்மனத் தேடல்," என்றார் பீதி. "சொல்லை நாம் தேடுவதில்லை. அதுவே நம்மைத் தேடி வரும்."

அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டார்.

கூட்டம் கலைந்தது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணி, போலாம்," என்றாள் மனைவி.

"எல்லாரும் எறங்கட்டும்மா. இவங்க முன்னாடி நடக்க ஒரு மாதிரியா இருக்கு."

பீதிக்குப் போட்டிருந்த சால்வை திடீரென்று கனத்தது.

மறுநாள் பிற்பகல் அவர் எழுதவில்லை. அக்காவிடம் சொல்ல ஒரு வார்த்தை தேடினார். 'வருந்துகிறேன்' பத்திரிகைத் திருத்தம் மாதிரி இருந்தது. 'தெரியாமல் செய்துவிட்டேன்' பச்சைப் பொய். 'கற்பனைதான்க்கா' அதைவிடப் பெரிய பொய். சொல்தேர்வில் ஊரே மெச்சிய மனிதருக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

சமையலறையிலிருந்து குரல் கேட்டது. "தம்பி, டீ எடுத்துட்டு வர்றேன்டா."

கொஞ்ச நேரம் கழித்து, "கூடத்துக்கு வந்துட்டேன்."

அப்புறம், மிகவும் பக்கத்தில், "நான்தான்டா. கதவுகிட்ட இருக்கேன்."

அந்தக் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அக்கா," என்றார்.

"ஆறிடும். குடி."

திரும்பிப் போகும்போதும், யாரும் கேட்காமலே, "போறேன்டா... கூடத்துல இருக்கேன்..." என்று சொல்லிக்கொண்டே போனாள்.