பூட்டில்லாத வீடு

நெடுந்தீவில், றொஷானியின் வீடிருந்த சின்ன ஒழுங்கையில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. சுற்றுலா வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் தனக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது என்று நினைத்தாள். திறந்து கிடந்த வாசல் கதவைப் படமெடுத்து, "எங்கட வீட்டில பூட்டே இல்லை, எப்பவும் வரலாம்" என்று இன்ஸ்டகிராமில் போட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கிவிட்டு, குறிகட்டுவான் துறையில் படகேறியதும் ஒரு படம் வந்தது. அனுப்பியவன் யாரென்று தெரியவில்லை. படத்தில் அவளுடைய கட்டில். அதில், காய்ச்சலோடு விட்டுவந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். "உண்மைதான், பூட்டே இல்லை" என்று கீழே எழுதியிருந்தது.

மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த அயல்வீட்டு மாக்கிறேற்றை அழைத்தாள்.

"அக்கா, ஓடிப்போய்ப் பிள்ளையைப் பாருங்கோ! வீட்டுக்குள்ள ஆரோ நிக்கிறான்!"

"ஓம், தெரியும். உம்மட படம் பாத்து வந்தவராம். நான்தான் வீட்டைக் காட்டிவிட்டனான்." மாக்கிறேற் சிரித்தாள். "பயப்பிடாதையும், நல்ல மனிசன். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டதும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன் எண்டு தூக்கிக்கொண்டு போயிட்டார்."

படகு அப்போதுதான் துறையை விட்டு விலகியது. நெடுந்தீவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.