தலைப்பு மாறிய சரக்கு

காவ்சியுங் துறைமுகத்தில் வந்திறங்கும் இரசாயனச் சரக்குகளைச் சுங்கப் பட்டியலில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் சுங்க அதிகாரி லியாவ் ஜின்-ஹே. மீன்பிடித் துறைப் பக்கம் கப்பல்களுக்குக் குளிர்பதன வாயு விற்கிற திங் வான்-ஃபூ பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்குச் சிநேகிதன். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இன்னமும் காலையில் ஒரே கடையில்தான் பால்மீன் கஞ்சி குடிப்பார்கள்.

அந்த வசந்தத்தில் வான்-ஃபூவின் சரக்கு சோதனையில் மாட்டிக்கொண்டது. பெட்டிமேல் புது வாயு என்று அச்சடித்திருந்தது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு, ஓசோனைத் தின்கிறது என்று எப்போதோ தடைசெய்த பழைய வாயு. சேதி கேட்டு அவர் சுங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"மிச்சமெல்லாம் புதுசுதானேடா? அந்தத் தலைப்புல போட்டு விட்டுடேன்."

"பங்கு பாத்துப் போடறதில்லடா இது. பழசு கலந்திருக்குன்னாலே மொத்தச் சரக்கும் பழசோட தலைப்புக்குப் போயிடும். உரிமம் இல்லாம வெளிய விட முடியாது."

"நானா கலந்தேன்? விக்கிறவன் ஏமாத்திட்டான்."

"உன்னைத் தெரியாதா எனக்கு? அதுக்காக நான் மாத்தி எழுத முடியாது."

"காலையில என் தட்டுலேர்ந்து மீன் வயித்தை எடுத்துத் தின்னப்ப இந்த நேர்மை எங்க போச்சு?"

ஜின்-ஹேவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வுக்கூடம் அனுப்பிய முடிவின் கடைசி வரியில் அவர் கண் நின்றுவிட்டது. மெத்தில் குளோரைடு. மலிவுக்காகச் சேர்க்கிற கலப்படம். குளிர்பதனக் கம்ப்ரஸரின் அலுமினியத்தோடு அது சேர்ந்தால், பிரிக்கும்போது காற்றுப் பட்டதுமே தீப்பிடித்துக்கொள்ளும்.

"இதே ஆள்கிட்ட முன்னாடி வாங்கியிருக்கியா?" என்று கேட்டார்.

வான்-ஃபூ ஆமாம் என்று தலையசைத்தார். போன தடவை வந்த சரக்கைச் சுங்கக் கணினி, சோதனைக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியே வெளியே போய்விட்டது.

ஜின்-ஹே கதவைத் திறந்து பக்கத்து அறை அதிகாரியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "இப்ப நீ சொல்றது பதிவாகும். அந்தச் சரக்குக்கும் உன்மேல வழக்கு வரும். ஆனா இந்த வாயு ஆளைக் கொல்லும்டா. யாருக்கு வித்தே?"

வான்-ஃபூ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எழுதிக்கோ" என்றார். மூன்று கப்பல்களின் பெயரைச் சொன்னார். மூன்றாவதைச் சொன்னதும் எழுந்துவிட்டார். "தம்பி போயிருக்கான் அதுல."

தம்பி வான்-சோங் அந்தச் சூரைமீன் கப்பலின் இயந்திரப் பொறுப்பாளன். அண்ணன் கடைச் சரக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டான்.

முதல் இரண்டு கப்பல்களும் கரையிலேயே நின்றன. சிலிண்டர்களை இறக்கிவிட்டார்கள். மூன்றாவது தெற்குக் கடலில் எங்கோ இருந்தது. கப்பல் முதலாளியின் அலுவலகம் வழியாகத் தொலைபேசியில் பிடித்தார்கள்.

"கம்ப்ரஸரை யாரும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார் ஜின்-ஹே.

எதிர்முனையில் கேப்டன் பேசினார். "நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம்" என்றார். "இன்னிக்குக் காலையில குளிர் நின்னுபோச்சு. வான்-சோங்தான் பிரிச்சான். மத்தவங்களை வெளிய போகச் சொல்லிட்டுத் தனியாத்தான் பண்ணினான்."

வான்-ஃபூ பக்கத்திலேயே நின்றிருந்தார். ரிசீவரைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

குளிர் நின்றுபோன கப்பலில், தீயில் இறந்த வான்-சோங்கின் உடலை வைத்திருக்க வழியில்லை. கடலில் விட்டார்கள். சட்டைகளும் ஒரு ஜோடிச் செருப்பும்தான் ஊர் திரும்பின.

மறுவாரம் ஜின்-ஹே சரக்கைப் பழைய வாயுக் கலவையின் தலைப்பில் சேர்த்துக் கையெழுத்திட்டார். கடைக்குச் சீல் வைத்தார்கள். இரண்டு வழக்கிலும் வான்-ஃபூ எதையும் மறுக்கவில்லை. கஞ்சிக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஜின்-ஹே சில நாள் போய்ப் பார்த்தார். பிறகு அவருக்கும் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

கடலில் போன உயிரைக் கரைக்கு அழைக்கும் சடங்கை மீன்பிடித் துறையில் நடத்தினார்கள். மூங்கில் கொம்பில் வான்-சோங்கின் சட்டையைக் கட்டிப் பூசாரி மணியாட்டினார். சொந்தத்தில் ஒருவர் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வான்-ஃபூ கூட்டத்தில் சேராமல் பனிக்கட்டிக் கிடங்கின் சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஜின்-ஹே அவர் பக்கத்தில் போய் நின்றார். 

தம்பி மனைவி யூ-சியூ நேராக அவர்களிடம் வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன் அண்ணே, குரல் வரல. நீங்க வாங்க."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டும்மா கூப்பிடுவேன்?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். எனக்கும் பேச நிறைய இருக்கு. இப்ப அவரு வீட்டுக்கு வரணும்."

வான்-ஃபூ தண்ணீர் ஓரம் போனார். கொம்பைக் கையில் வாங்கினார். "வான்-சோங், வீட்டுக்கு வாடா" என்றார். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகக் கூப்பிட்டார். மூன்றாம் தடவை பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற ஜின்-ஹே மீதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.