பதினாலாம் நம்பர் ஏரி

அந்த வட்டாரத்து ஆறுகளும் ஏரிகளும் சீலம்மாவுக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஜன்னல்கூட இல்லாத பின்னறைக்கு, மாதம் ஒருமுறை அவை பாட்டிலில் அடைபட்டு வரும். மழை பெய்தால் மூன்றாம் நம்பர் ஆற்றில் மண்வாடை வீசும். ஏழாம் நம்பர் ஏரி எப்போதும் கொஞ்சம் பச்சை. மலைமேல் இருக்கும் பதினாலாம் நம்பர் குடிநீர் ஏரி மட்டும் அப்படியொரு தெளிவு. அந்தப் பாட்டிலை மட்டும் விளக்கடியில் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பிடித்துப் பார்ப்பாள். இருபத்தாறு வருஷமாக இதே கதைதான்.

நேரில் போய்ப் பார்ப்பதற்கு என்ன கேடு என்று கேட்கலாம். வண்டி போகிற நாளில் பாட்டில்களை வாங்க அவள் கூடத்தில் இருந்தாக வேண்டும். மற்ற நாளில் மலையடிவாரக் கேட் யாருக்கும் திறக்காது. "உன் ஏரிய ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடேன், நானே காபி போட்டுத் தரேன்" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அவளும் சிரிப்பாள்.

ஓய்வுபெற இரண்டே நாள் இருக்கையில், வெட்கத்தை விட்டு அதிகாரியிடம் கேட்டாள். "இதுக்கா இவ்வளவு தயக்கம்? போயிட்டு வாங்கம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்த தன்னையே அவளுக்கு நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு முதல் பாட்டில். டிரைவர் பதினோரு வருஷமாக இதே சுற்றுக்குப் போகிறவர். பாலத்தில் நிறுத்துவார், வாளியை இறக்குவார், பாட்டிலை நிரப்பி ஐஸ் பெட்டியில் வைப்பார், கிளம்பிவிடுவார். "இதுவா ஏழு? பச்சை ஏழு?" என்று கேட்டபடி அவள் இறங்குவதற்குள் வண்டி உறுமியது.

"ஏறுங்க மேடம். நின்னு நலம் விசாரிக்கறதுக்கெல்லாம் நேரமில்ல."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் பாட்டில் எடுத்து ஆறு மணி நேரத்துக்குள் எல்லாம் கூடத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று சீல் விழும். மறுநாள் முழுச் சுற்றும் மறுபடி போக வேண்டும். தயவு தாட்சண்யம் பார்க்காமல் அந்தச் சீலைக் குத்துகிறவள் அவள்தான். ‘சீலம்மா’ என்ற பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

மலைமேல் போய்ச் சேரும்போது பத்தேகால். திரும்பிப் போகவே இரண்டு மணி நேரம் வேண்டும். பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு. அதனடியில், இரண்டு சுவருக்கு நடுவே, நாலு முழத் தண்ணீர். டிரைவர் பாட்டிலை நிரப்பி மூடிவிட்டார்.

"போலாமா மேடம்?"

"ஏரி எங்க தம்பி?"

"இதான். எப்பவும் இங்கதான் எடுப்பேன்."

"அந்தச் சுவருக்கு அப்பால?"

"போனதில்ல. சுத்திப் போக பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம். அப்புறம் கூடத்துல நீங்க சீலோட நிப்பீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. தான் பார்க்க முடியவில்லையே என்று இத்தனை காலம் ஏங்கினாள். மாதாமாதம் இங்கே வந்து நின்ற மனுஷனையும் பார்க்கவிடாமல் விரட்டியது தன் கைதான் என்பது இதுவரை உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"பெட்டிய வண்டியிலயே வெச்சுட்டு வாங்க தம்பி."

"பாட்டிலெல்லாம் வீணாப் போயிடும் மேடம்!"

"போகட்டும். இன்னிக்கு என் தப்புன்னு நானே எழுதி சீல் குத்துறேன்."

சுவரைச் சுற்றி நடந்தார்கள். ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. அடக்காமல் அழுதாள். டிரைவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தண்ணீரின் நடுவே பார்த்தார்.

"நடுவுல தீவு இருக்கு மேடம். ஏரி எப்படிப்பா இருக்கும்னு எம்பொண்ணு சின்னதுலேர்ந்து கேப்பா. படிக்கட்டு இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்."