சாவை வெட்டிய படக்கதை

ஒரு பழைய நாடகத்தில் கோட்டைக் காவலன் ஒருவன் வருகிறான். பொழுது சாய்ந்தபின் கதவைத் திறக்கக் கூடாது என்ற கட்டளைக்காகச் சொந்தத் தம்பியையே பனியில் வெளியே நிறுத்திவிடுகிறான். விடிந்து திறந்து பார்த்தால் தம்பி பிணம். இதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதையாக எழுதித் தரும் வேலை, ஒரு பதிப்பகத்தில், அவளுக்கு. அந்தச் சாவை மறைக்காமலும் பிள்ளைகளைப் பயமுறுத்தாமலும் சொல்ல இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு வரி வந்தது: ‘தம்பி செத்துப்போயிருந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.’

பதிப்பக மேலாளருக்கு அந்த வரி கண்ணை உறுத்தியது.

“தூங்கிட்டிருந்தான்னு போடுங்களேன். எழுந்ததும் ரெண்டு பேரும் டான்ஸ் ஆடட்டும்.”

இந்த ஆள் இப்படிக் கழுவிவிட்ட நாடகங்கள் இதோடு பதினொன்று. விஷக் கோப்பையில் பழச்சாறு ஊற்றியாயிற்று, தூக்குமேடையை ஊஞ்சலாக்கியாயிற்று. பிள்ளைகளுக்கு இலக்கியம் ஊட்டுகிறாராம்! சாற்றையெல்லாம் பிழிந்து கொட்டிவிட்டு, சக்கைக்குச் சர்க்கரை தடவி நீட்டுகிறார். த்தூ!

ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஊழியர்களின் பிள்ளைகளைக் கம்பளத்தில் உட்காரவைத்துக் கதையை வாசிப்பார்கள். எந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை அழுகிறதோ அந்தப் பக்கத்தை வெட்டிவிடுவார்கள். யாரும் அழாவிட்டால் மேலாளரே ஆனாலும் கைவைக்க முடியாது. அவளும் தன் ஆறு வயது மகளைக் கூட்டிவந்திருந்தாள்.

வாசித்தாள். அந்த வரி வந்தது. பிள்ளைகள் முழித்தார்களே தவிர ஒன்றுகூட அழவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மகள் சிரித்தாள்.

“சாகல்லாம் இல்ல. ஊருக்குப் போயிருப்பான். எங்க தாத்தா மாதிரி.”

மேலாளர் கைதட்டினார். “பாத்தீங்களா! குழந்தையே முடிவு சொல்லிடுச்சு. ஊருக்குப் போயிட்டான்னு மாத்திடுங்க.” சொன்ன சூட்டோடு பேனாவைத் திறந்து அவளுடைய வரியை அடித்தார்.

அவளுடைய மாமனார் இறந்து நான்கு மாதம் ஆகிறது. மேலாளரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வாயெடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு எதிரே கம்பளத்தில் உட்கார்ந்தாள்.

“கண்ணு, தாத்தா ஊருக்குப் போகல. செத்துட்டாரு. அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

மகள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

“அப்போ ஞாயித்துக்கிழமையானா போன்ல என்கிட்ட பேசறது யாரும்மா?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பேசுவது அவள் கணவன். மொட்டைமாடியில் நின்றுகொண்டு, செத்துப்போன தன் அப்பாவின் குரலில். அவன் என்ன பேச வேண்டும், நடுவில் எங்கே இரும வேண்டும் என்பது வரைக்கும் வாராவாரம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.