டெபோரா டீச்சரின் மணி

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கெசியா ஐந்நூற்றுக்கு ஐந்நூறு வாங்கியபோது அவளுடைய எடை நானூற்று இருபது கிலோ. பார்க்க ஒல்லிப் பெண்தான். சீருடைப் பாவாடையை இடுப்பில் ஊக்கு குத்தித்தான் நிறுத்துவாள். அவளுடைய அப்பா ரிச்சர்ட் பாளையங்கோட்டை பைபாஸில் லாரி எடைமேடை வைத்திருந்ததால் கணக்கில் சந்தேகமில்லை. ஒரு மதிப்பெண்ணும் குறையாத ஒவ்வொரு தேர்வுக்கும் பத்துப் பதினைந்து கிலோ ஏறியது. ஓரெழுத்து சாய்ந்தாலும் பக்கத்தைக் கிழித்து முதலிலிருந்து எழுதுவாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் ஓட்டையாகும், அதற்கும் அழுவாள். சாப்பாட்டுத் தட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் காலையில் அப்படியே இருக்கும். பள்ளி வேன் அவளை ஏற்ற மறுத்தது. மாடியிலிருந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். மற்ற பெற்றோர்களை அழைத்து, "இந்தப் பிள்ளையைப் பாருங்கள்" என்றார்கள்.

எடை பார்க்கும் நாளில் செங்கல் லோடுடன் வரிசையில் நின்ற டிரைவர் தளவாய் எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "என்ன அண்ணாச்சி, பிள்ளையத்தான ஏத்துனிய? எனக்க லோடுல பாதி இருக்கும் போலிருக்கு."

"படிக்க பிள்ளை வே," என்றார் ரிச்சர்ட்.

"எம் மவனையும் ஏத்திப் பாருங்க. முட்டை காட்டும். ஆனா பய நல்லாச் சாப்புடுதான், நல்லா ஒறங்குதான்."

ரிச்சர்ட் சிரிக்கவில்லை. அவருக்கு ஜாஸ்பர் ஞாபகம் வந்தது. கெசியாவின் அண்ணன் ஜாஸ்பர், மூன்று வருஷங்களுக்கு முன்னால், நீட் பயிற்சி விடுதியின் இரண்டாம் மாடியில் இருந்தான். மாதிரித் தேர்வில் எழுநூற்று இருபதுக்கு எழுநூற்று இருபது வந்த மத்தியானம், உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தளத்தை உடைத்து இறங்கினான். முதல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பையன்கள், அவன் கையில் பேனா இருந்ததாகச் சொன்னார்கள். தரைத்தளத்தோடும் நிற்கவில்லை. நாற்பது அடி தோண்டியதில் ஆற்று ஊற்றுதான் வந்தது. குழியில் கான்கிரீட் ஊற்றி, ஜெபம் செய்து மூடினார்கள். அம்மா டெபோரா கணக்கு டீச்சர். கட்டடம் சரியில்லை என்று முடிவுகட்டினார். மூன்றாம் நாள் விடைத்தாள் கட்டைத் திருத்தி உரிய நேரத்தில் ஒப்படைத்தார். சமாதானபுரத்து வீட்டில் கெசியா படிக்கும் அறைக்கு மட்டும் கம்பி கட்டி ஒன்றரை அடி தளம் போட்டார்.

பிப்ரவரியில் ஆலயத்தின் மனப்பாடப் போட்டி வந்தது. பைபிளிலிருந்து நூற்று எழுபத்தாறு வசனங்கள். தவறினால் நடுவர் மேசை மணியை அடிப்பார். பிள்ளை உட்கார்ந்துவிட வேண்டும். பத்தொன்பது வருஷங்களாக டெபோராதான் நடுவர். ஒரு மணியும் தப்பாக அடித்ததில்லை. சொந்த மகள் போட்டியிட்டாலும் யாரும் ஆட்சேபித்ததில்லை. முப்பதாவது வசனத்துக்குள் மற்ற பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். அறுபதில் கெசியாவின் காலடிக் கல் விரிந்தது. நூற்றுப் பத்தில் முழங்கால் வரை இறங்கியிருந்தாள். பின்வரிசையில் கை தட்டினார்கள். நூற்று நாற்பதில் இடுப்பு. சரியாகச் சொன்ன ஒவ்வொரு வசனத்துக்கும் விரற்கடை இறங்கினாள். நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. தப்பாகச் சொல்லவும் தெரியவில்லை.

ரிச்சர்ட் எழுந்தார். "டெபோரா, மணியை அடி."

"அவ தப்பே சொல்லலியே," என்றார் டெபோரா, புத்தகத்திலிருந்து விரலை எடுக்காமல்.

"ஜாஸ்பரும் தப்பு பண்ணல."

நூற்று எழுபதில் கழுத்து வரை போயிருந்தாள். தலையை அண்ணாந்து, அம்மாவைப் பார்த்தபடி அடுத்த வசனத்தைத் தொடங்கினாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. டெபோரா மணியை அடித்தார்.

"அம்மா, சரியாத்தான சொன்னேன்?"

"சரிதான் மக்கா. நாந்தான் தப்பா அடிச்சிட்டேன்." டெபோரா மேசையைச் சுற்றி வந்து தரையில் குப்புறப் படுத்து மகளுடைய முகத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அண்ணனுக்கு அடிக்காம விட்டுட்டேன்."

பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கெசியாவை வெளியே எடுக்க செங்கல் சூளையிலிருந்து கிரேன் வரவேண்டியிருந்தது. மாலை ஆராதனை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஆலயத்தின் அந்தக் குழி என்ன போட்டாலும் நிரம்புவதில்லை. மணப்பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போகிறார்கள்.

அந்த மணி இப்போது டீச்சர் வீட்டில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு அடிப்பார். கணக்கு பாதியில் நின்றாலும், விடை தப்பாக இருந்தாலும், நோட்டை மூடிவிட வேண்டும். முதல் மாதம் கெசியா அம்மாவின் கையைக் கடித்தாள், தழும்பு இருக்கிறது. முழு ஆண்டுத் தேர்வில் நானூற்று எழுபத்தொன்று வாங்கி இரண்டு நாள் பேசாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் பழைய சோறு கேட்டாள். எடைமேடை இருநூற்றுப் பத்து காட்டியது. இப்போதும் தேர்வு மாதத்தில் கொஞ்சம் ஏறும். வேன்காரர் அவளை நடுவில் உட்கார்த்திக்கொள்கிறார்.

டீச்சர் மணியை இரண்டு தடவை அடிப்பது தெருவுக்கே தெரியும். முதல் தடவை கெசியாவுக்கு. இரண்டாவது தடவை குனிந்து, தரையோடு வைத்து அடிப்பார். சில நாட்களில் கீழே, வெகு ஆழத்தில், யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.